கைரல் மாஃப் திட அமில வினையூக்கி: பினாங்கு ஆய்வகத்தில் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாஃப் (MOF) என்கிற நுண்துளைப் படிகத்துக்குள் அமிலத்தை வைப்பது பெரிய காரியம் இல்லை. கைரல் மூலக்கூறு ஒன்றை உள்ளே நிறுத்துவதும் இன்றைக்கு முடிகிற வேலைதான். இரண்டையும் செய்துவிட்டு, கிடைத்த விளைபொருளை எச்பிஎல்சி என்ற பிரிப்புக் கருவியில் ஏற்றினால், இடக்கை வடிவம், வலக்கை வடிவம் இரண்டின் பீக்கும் சரிபாதியாக வந்து நிற்கும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இறுதியாண்டு ஆய்வோ முதுகலை ஆய்வோ செய்கிற நம் பிள்ளைகள் "என்ன சார் தப்பு?" என்று கேட்டு நீட்டுவது பெரும்பாலும் இந்த வரைபடத்தைத்தான்.

தப்பு பல நேரம் அவர்கள் உள்ளே வைத்த கைரல் அமிலத்தில் இருக்காது. அவர்கள் வைக்காமலேயே உள்ளே இருக்கிற வேறு அமிலங்களில் இருக்கும். அந்த அழையா விருந்தாளிகளைக் கண்டுபிடித்து அடக்குவதுதான் இந்தத் துறையில் பாதி வேலை. கீழே வரும் படிகள் எல்லாவற்றிலும் அந்தக் கண்ணோட்டத்தோடு எழுதியிருக்கிறேன். எஸ்டிபிஎம் (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) வேதியியல் நினைவில் இருந்தால் தொடர்ந்து படிக்கலாம்.

தொடங்கும் முன் கொஞ்சம் அடிப்படை

இடக்கை, வலக்கை போல ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாத ஆடி உருவங்கள் உள்ள மூலக்கூறு கைரல். பினாங்கு லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் சதகுப்பை விதையை முகர்ந்துவிட்டு, பக்கத்துக் காய்கறிக் கடையில் புதினாவை முகர்ந்து பாருங்கள். ஒன்றில் மணப்பது கார்வோனின் எஸ் வடிவம், ஸ்பியர்மின்ட் வகைப் புதினாவில் மணப்பது அதன் ஆர் வடிவம். மூக்குக்கே வித்தியாசம் தெரிகிறது என்றால் உடம்புக்குள் போகிற மருந்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. சமச்சீரற்ற வினை என்பது இரண்டு வடிவங்களில் ஒன்றை மட்டும், அல்லது ஒன்றை அதிகமாக, உண்டாக்கும் வினை. எவ்வளவு அதிகம் என்பதற்கு ஈ.ஈ. என்ற அளவு, இரண்டு வடிவங்களின் சதவீத வித்தியாசம். 95-க்கு 5 என்று வந்தால் ஈ.ஈ. 90 சதவீதம், சரிபாதி என்றால் பூஜ்யம்.

அமிலத்தை வைத்து இதைச் செய்யும் வழியைப் பெரிதாகத் திறந்துவிட்டது 2004-இல் ஜப்பானில் அகியாமா குழுவும் தெராடா குழுவும் தனித்தனியே வெளியிட்ட கைரல் பாஸ்பாரிக் அமிலங்கள். பைனால் என்ற முறுக்கிய இரட்டை நாப்தால் எலும்புக்கூட்டின்மேல் கட்டியவை அவை. உலோகமே இல்லாத இந்த வகை வினையூக்கத்துக்கு 2021-இல் பெஞ்சமின் லிஸ்டும் டேவிட் மேக்மில்லனும் நோபல் பெற்றார்கள். மாஃபுக்கு 2025-இல் கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் நோபல் கிடைத்தது. உலோகக் கணுக்களைக் கரிம லிங்கர்களால் (இணைப்பு மூலக்கூறுகளால்) இணைத்துக் கட்டிய, உள்ளே நுண்துளைகள் நிறைந்த படிகம்தான் மாஃப். இந்த இரண்டு நோபல்களும் சந்திக்கிற இடம் நம் தலைப்பு.

சந்திப்பு எளிதாக நடந்துவிடவில்லை. 2000-இல் கிமூன் கிம் குழு துத்தநாகத்தையும் டார்டாரிக் அமிலத்திலிருந்து செய்த லிங்கரையும் சேர்த்துக் கட்டிய போஸ்ட்-1 கொடுத்த ஈ.ஈ. ஏறக்குறைய 8 சதவீதம். 2005-இல் வென்பின் லின் குழு பைனால் லிங்கர் கொண்ட மாஃபில் டைட்டானியத்தை ஏற்றி, ஆல்டிஹைடில் டைஎத்தில் துத்தநாகம் சேரும் வினையில் 93 சதவீதம் வரை காட்டியது. உங்கள் முதல் முயற்சியில் ஒற்றை இலக்கம் வந்தால் மனம் உடைய வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முதல் படி: வினையை முதலில் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலோர் மாஃபைச் செய்துவிட்டு வினையைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். எபாக்சைடு திறப்பு செய்யலாம் என்று ஸ்டைரீன் ஆக்சைடை எடுக்காதீர்கள். அது தொடக்கத்திலேயே இரு வடிவமும் கலந்த பொருள். ஒரு வடிவம் வேகமாக வினைபுரிந்து மற்றது மிஞ்சும் என்பதால், எந்த நேரத்தில் மாதிரி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஈ.ஈ. மாறிக்கொண்டே இருக்கும். முதல் வினையில் இந்தத் தலைவலி தேவையில்லை.

அனிலீன் போன்ற அமீன் கலந்த வினைகளும் தொடக்கத்துக்குச் சரிப்படாது. அமீன் காரம், அது உங்கள் அமிலத்தையே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

என் பரிந்துரை, இண்டோலும் டிரான்ஸ்-பீட்டா-நைட்ரோஸ்டைரீனும் சேரும் ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் வினை. தொடக்கப் பொருள் இரண்டுமே கைரல் அல்ல. விளைபொருளில் ஒரே ஒரு கைரல் மையம். கைரல் பாஸ்பாரிக் அமிலம் இந்த வினையை நடத்தும் என்பது நன்கு தெரிந்த விஷயம், ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கரைசல்நிலை வினையூக்கி கைவசம் இருக்கும். நைட்ரோஸ்டைரீன் கண்ணைக் கரிக்கும், ஃபியூம் ஹூடுக்கு (ஆவியை வெளியே இழுக்கும் அறைக்கு) வெளியே எடை போடாதீர்கள்.

இரண்டாம் படி: எந்த அமிலம், எந்த வழி

கைரல் அமிலத்தை மாஃபுக்குள் கொண்டுபோக இரண்டு நல்ல வழிகள் உண்டு. லிங்கரையே கைரல் அமிலமாகச் செய்து அதைக் கொண்டு மாஃபைக் கட்டுவது ஒன்று. கட்டி முடித்த மாஃபின் கணுவில் இருக்கிற சாதாரண மூடியை, அதாவது லிங்கர் இல்லாத இடத்தைப் பிடித்திருக்கும் சிறிய அமிலத்தை, கழற்றிவிட்டுக் கைரல் மூடியைப் போடுவது இன்னொன்று. முதல் வழியில் ஈ.ஈ. உயர வாய்ப்பு அதிகம், ஆனால் லிங்கர் தயாரிப்பே பல கட்டம் போகும். இரண்டாவது வழி மலிவு, கற்றுக்கொள்ள ஏற்றது. ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய ஆய்வுத்திட்டம் என்றால் இரண்டாவதில் தொடங்குங்கள்.

யூஐஓ-66-ஐ எல்லோரும் எடுக்கிறார்கள், ஏனென்றால் எல்லோரும் எடுக்கிறார்கள். 2008-இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பிறந்த இந்தச் சிர்கோனியம் மாஃப் இரும்பு மாதிரி உறுதியானதுதான். ஆனால் அதன் துளை வாசல் ஏறக்குறைய 6 ஆங்ஸ்ட்ராம். அதற்குள் கைரல் மூடியும் இருந்து, இண்டோலும் நைட்ரோஸ்டைரீனும் சந்தித்து, பெரிய விளைபொருள் வெளியேயும் வர வேண்டும் என்பது நடக்காத காரியம். வினை நடந்தாலும் படிகத்தின் வெளிப்பரப்பில்தான் நடந்திருக்கும்.

மாஃப்-808 எடுங்கள். உள்ளறை ஏறக்குறைய 18 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொரு கணுவிலும் 6 சிர்கோனியம் அணுக்கள். அதைச் சுற்றி ட்ரைமெசிக் அமில லிங்கரின் கார்பாக்சிலேட்டுகள் 6, மூடியாக ஃபார்மேட்டுகள் 6. அந்த ஃபார்மேட் இடங்கள்தான் நாம் கைவைக்கப் போகும் இடங்கள்.

எந்தக் கைரல் அமிலத்தை மூடியாகப் போடுவது என்பதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கணுவைப் பிடித்துக்கொள்ளும் அமிலத்தொகுதி அதற்குப் பிறகு அமிலமாக வேலை செய்யாது. மாண்டெலிக் அமிலத்தை மாட்டினால் அதன் ஒரே கார்பாக்சில் சிர்கோனியத்தோடு போய்விடும், மிஞ்சுவது வெறும் ஆல்கஹால். கேம்ஃபர் சல்ஃபானிக் அமிலம் பலமான அமிலம் என்று ஆசைப்பட்டு மாட்டினாலும் அந்தச் சல்ஃபானிக் தொகுதியே கணுவைப் பிடிக்கப் போய்விடும். ஆகவே குறைந்தது இரண்டு அமிலத்தொகுதி வேண்டும். ஒன்று பிடிக்க, ஒன்று வேலை செய்ய. டார்டாரிக், மாலிக் இரண்டும் பொருந்தும். நம் புளியில் புளிப்பது எல்-டார்டாரிக் அமிலம். அது மலிவாகவே கிடைக்கும். அதன் ஆடி உருவமான டி-டார்டாரிக்கையும் கொஞ்சம் வாங்கி வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாம் படி: மாஃப்-808 தயாரிப்பு

ட்ரைமெசிக் அமிலமும் சிர்கோனில் குளோரைடு ஆக்டாஹைட்ரேட்டும் 1-க்கு 3 மோல் விகிதம். கரைப்பான் டிஎம்எஃப்பும் (டைமெத்தில் ஃபார்மமைடு) ஃபார்மிக் அமிலமும் சம அளவு. 0.70 கிராம் ட்ரைமெசிக்குக்கு 3.2 கிராம் சிர்கோனில் குளோரைடு, 150 மில்லி டிஎம்எஃப், 150 மில்லி ஃபார்மிக் அமிலம் என்று எடுத்தால் கணக்குச் சரியாக வரும். 130 டிகிரியில் இரண்டு நாள். வெள்ளைத் தூள் அடியில் படியும்.

சிர்கோனியம் டெட்ராகுளோரைடைத் தவிர்த்து ஆக்டாஹைட்ரேட் சொல்வதற்கு நம் ஊர்க் காற்றும் ஒரு காரணம். டெட்ராகுளோரைடு பாட்டிலைப் பினாங்குக் காற்றில் திறந்தால் புகையும், ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஒவ்வொரு முறையும் எடை வேறாக இருக்கும். ஆக்டாஹைட்ரேட்டில் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அது இந்த விஷயத்தில் அமைதியானது.

ஃபார்மிக் அமிலம் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து கார்பன் மோனாக்சைடு விடும். கண்ணாடி பாட்டிலை இறுக மூடி ஓவனுக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவது பல ஆய்வகங்களில் வழக்கம். நான் அதைச் சொல்லித்தர மாட்டேன். குளிர்விப்பான் மாட்டிய குடுவையில், எண்ணெய்க் குளியலில், ஹூடுக்குள் செய்யுங்கள்.

நான்காம் படி: கழுவுதலும் காலியாக்குதலும்

டிஎம்எஃப்பில் கழுவி, பிறகு தண்ணீரில், பிறகு அசிட்டோனில். ஒவ்வொன்றிலும் சில முறை மாற்றி, ஒவ்வொரு முறையும் ஊறவிட்டு, சென்ட்ரிஃப்யூஜ் செய்து. அவசரப்பட்டால் தண்டனை ஐந்தாம் படியில் கிடைக்கும். கடைசியில் அசிட்டோன் இருக்க வேண்டும், தண்ணீரோடு நேராகச் சூடுபடுத்தினால் துளைகள் நொடித்துப்போகலாம். வேக்யூமில் 120 டிகிரி போதும்.

வெப்பத்தை இன்னும் ஏற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். கணுவோடு ஒட்டிய நீர் வெளியேற வெளியேற, சிர்கோனியம் அணுக்கள் வெறுமையாகி லூயிஸ் அமிலமாக (எலெக்ட்ரான் ஜோடியை ஏற்கும் அமிலமாக) மாறும். நீங்கள் செய்ய நினைத்தது பிரான்ஸ்டெட் அமில (புரோட்டானைக் கொடுக்கும் அமில) வினையூக்கி. அழையா விருந்தாளி ஒன்று இங்கேயே உள்ளே வந்துவிடுகிறது.

ஈரத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இரவில் ஏசி நின்றுபோகிற ஆய்வகத்தில், அதுவும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை கொட்டுகிற பருவத்தில், காலியாக்கிய மாஃப் தராசுத் தட்டில் இருக்கும்போதே எடை ஏறும். திரையில் கடைசி இலக்கம் நிற்காமல் மேலே போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றுப் புகாத குளவ் பாக்ஸ் இருந்தால் அதில் எடை போடுங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாமல் மூடிய ஷ்லெங்க் குழாயோடு சேர்த்து எடை போட்டு, அதே தயாரிப்பில் ஒரு சிட்டிகையை டிஜிஏவுக்கு (சூடாக்கி எடை குறைவதை அளக்கும் சோதனைக்கு) அனுப்பி, எத்தனை சதவீதம் தண்ணீர் என்று கழித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர் எழுதும் "10 மோல் சதவீதம்" வெறும் ஊகம்.

ஐந்தாம் படி: கைரல் மூடி போடுதல்

எல்-டார்டாரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து, அதில் மாஃப்-808 தூளைப் போட்டு, 60 டிகிரியில் இரவு முழுக்க மெல்லக் கலக்குங்கள். கழுவு நீரில் அமிலம் வருவது நிற்கும்வரை கழுவுங்கள், துளையில் ஒட்டாமல் சும்மா கிடக்கும் டார்டாரிக் எல்லாம் போக வேண்டும். பிறகு மெத்தனால், அசிட்டோன், வேக்யூம்.

எத்தனை மாட்டியது என்பதை, ஹைட்ரஜன்களை எண்ணிக் காட்டும் என்எம்ஆர் அலைமாலை சொல்லும். சில மில்லிகிராம் தூளைச் சோடியம் டியூட்டராக்சைடு கரைசலில் போட்டால் மாஃப் உடைந்து லிங்கரும் மூடியும் கரைசலுக்கு வரும். ஒரு கணுவுக்கு இரண்டு ட்ரைமெசேட், ஒவ்வொன்றிலும் 3 அரோமாட்டிக் ஹைட்ரஜன், மொத்தம் 6. அந்தப் பீக்கின் பரப்பை 6.00 என்று வையுங்கள். டார்டாரேட்டின் இரண்டு சிஎச் ஹைட்ரஜன்களுக்கு 4.0 வந்தால் ஒரு கணுவுக்கு இரண்டு டார்டாரேட். 3.0 வந்தால் ஒன்றரை. மிஞ்சிய இடங்களில் ஃபார்மேட் இருக்கும், அல்லது நீரும் ஹைட்ராக்சைடும் இருக்கும்.

இங்கேதான் நான்காம் படியின் தண்டனை. டிஎம்எஃப் மிஞ்சியிருந்தால் அது காரத்தில் உடைந்து ஃபார்மேட்டும் டைமெத்தில் அமீனும் ஆகும். அந்த ஃபார்மேட்டையும் மூடிக் கணக்கில் சேர்த்துவிடுவீர்கள். அலைமாலையில் டைமெத்தில் அமீன் தெரிந்தால் திரும்பப் போய்க் கழுவுங்கள்.

ஆறாம் படி: உள்ளே என்ன இருக்கிறது

எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனையில்) 4.3, 8.3, 8.7 டிகிரி அருகே மாஃப்-808-இன் பீக்குகள் மூடி மாற்றிய பிறகும் அப்படியே இருக்க வேண்டும். நைட்ரஜன் உறிஞ்சுதலில் மூல மாஃபின் பரப்பு கிராமுக்கு 2,000 சதுர மீட்டர் அளவுக்கு வரும். மூடி போட்டதும் குறையும், குறைய வேண்டும். குறையவே இல்லை என்றால் டார்டாரிக் உள்ளே போகவில்லை என்று சந்தேகப்படுங்கள். (இந்தப் பரப்பை அளக்கும் பிஇடி மெஷின் ஸ்லாட் கிடைத்த நாளில் திரவ நைட்ரஜன் தீர்ந்திருக்கும். ஹரி ராயா, தீபாவளி விடுமுறைகளுக்கு முந்தைய வாரம் ஸ்லாட் போடாதீர்கள்.)

அமிலத்தைப் பார்க்கப் பிரிடீன் எஃப்டிஐஆர் (பிரிடீன் ஒட்டிய பிறகு எடுக்கும் அகச்சிவப்பு அலைமாலை) நல்லது. பிரிடீனை உறிஞ்சவிட்டு அலையெண் 1540 அருகே பட்டை வந்தால் பிரான்ஸ்டெட், 1450 அருகே வந்தால் லூயிஸ், 1490 இரண்டுக்கும் பொது. மூல மாஃபையும் டார்டாரிக் மாஃபையும் ஒரே வெப்பநிலையில் காலியாக்கி, ஒன்றன் பக்கத்தில் ஒன்று வைத்துப் பாருங்கள். பிரான்ஸ்டெட் பட்டை கூடியதா என்பதைவிட, லூயிஸ் பட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் உங்கள் கவலை.

பொட்டென்ஷியோமெட்ரிக் டைட்ரேஷன் இன்னும் உடைத்துச் சொல்லும். யூஐஓ-66-இல் இந்த முறையில் அளந்த பிகேஏ மதிப்புகள் (எண் குறைந்தால் அமிலம் பலமானது) சுமார் 3.5, 6.8, 8.3. முதலாவது மூன்று சிர்கோனியங்களுக்கு நடுவே உட்கார்ந்த ஹைட்ராக்சில், அடுத்தது சிர்கோனியத்தோடு ஒட்டிய நீர், மூன்றாவது அதில் ஒட்டிய ஹைட்ராக்சில். டார்டாரிக் அமிலத்தின் பிகேஏ மதிப்புகள் 3-ம் 4.4-ம் அருகே. அதாவது நீங்கள் பாடுபட்டு மாட்டிய கைரல் அமிலமும், கணுவில் பிறவியிலேயே இருக்கிற கைரல் அல்லாத அமிலமும் ஏறத்தாழ ஒரே பலம். சரிபாதிப் பீக்குகளின் ரகசியம் இங்கே இருக்கிறது.

ஏழாம் படி: வினையும் கட்டுப்பாட்டுச் சோதனைகளும்

சிறிய குழாயில் 0.1 மில்லிமோல் நைட்ரோஸ்டைரீன், கொஞ்சம் கூடுதலாக இண்டோல், ஒரு மில்லி டொலுவீன், டார்டாரேட் கணக்கில் 10 மோல் சதவீத வினையூக்கி. அறை வெப்பநிலையில் தொடங்குங்கள். முடிந்ததும் வடிகட்டி, சிலிகா நிரப்பிய சிறிய பிரிப்புக் குழாயில் சுத்தப்படுத்துங்கள். விளைபொருளை மறுபடிகமாக்காதீர்கள், படிகமாகும்போதே ஒரு வடிவம் செறிந்து ஈ.ஈ. பொய்யாக ஏறும் அல்லது இறங்கும்.

எச்பிஎல்சிக்கு கைரல்செல் ஓடி-எச் என்ற கைரல் பிரிப்புக் குழாய், ஹெக்சேன்-ஐசோபுரோப்பனால் 70-க்கு 30-இல் தொடங்கிச் சரிசெய்யலாம். முதலில் டைஃபினைல் பாஸ்பேட் கொண்டு செய்த இருவடிவக் கலவையை ஏற்றுங்கள். அது 50-50 வரவில்லை என்றால் ஏதோ அசுத்தம் ஒரு பீக்கின் அடியில் ஒளிந்திருக்கிறது. மாதிரியை டைகுளோரோமீத்தேனிலோ டிஎம்எஃப்பிலோ கரைத்து ஏற்றினால் இந்தப் பூச்சுவகைக் குழாய் கெட்டுப்போகும். அதன் விலையைச் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வினையூக்கியை மட்டும் ஓட்டிப் பயனில்லை. கூடவே இவை வேண்டும்: வினையூக்கியே இல்லாமல் ஒன்று. மூல மாஃப்-808 மட்டும் ஒன்று. கரைசலில் எல்-டார்டாரிக் மட்டும் ஒன்று. மூல மாஃபும் டார்டாரிக்கும் வெறுமனே கலந்தது ஒன்று. கடைசியாக, டி-டார்டாரிக் மாட்டிய மாஃப். இந்தக் கடைசிச் சோதனை அதே அளவு ஈ.ஈ.யை எதிர்த்திசையில் கொடுத்தாக வேண்டும். எல் வடிவம் 12 கொடுத்து டி வடிவம் 3 கொடுத்தால், அந்த 12-ஐ நம்பிக் கட்டுரை எழுதாதீர்கள்.

இப்போது ஒரு கணக்கு. கைரல் இடத்தில் மட்டும் வினை நடந்தால் ஈ.ஈ. 90 வரும் என்று வைத்துக்கொள்வோம். விளைபொருளில் 30 சதவீதம் கணுவின் சாதாரண அமிலத்தில் உண்டாகி, சரிபாதிக் கலவையாக வருகிறது. கையில் கிடைப்பது 90-இல் 70 சதவீதம், அதாவது 63. பாதிக்குப் பாதி என்றால் 45. மூல மாஃபின் தொடக்க வேகத்தை டார்டாரிக் மாஃபின் வேகத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பங்கு எவ்வளவு என்று ஒரு மேல்வரம்பு தெரியும், மூடி போட்டதில் சில இடங்கள் மறைந்திருக்கும் அல்லவா. உங்கள் கைரல் அமிலம் நிஜமாகவே மோசமா, அல்லது பக்கத்தில் இருப்பவன் கெடுக்கிறானா என்பதை இந்த ஒப்பீடுதான் பிரித்துக் காட்டும்.

எட்டாம் படி: அழையா அமிலத்தை அடக்குவது

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். 2,6-டை-டெர்ட்-பியூட்டைல்பிரிடீன் மிகவும் பருமனான காரம். புரோட்டானைப் பிடிக்கும், சிர்கோனியத்தை நெருங்க முடியாது. மூல மாஃபோடு அதைச் சேர்த்ததும் வினை நின்றால் குற்றவாளி பிரான்ஸ்டெட். நிற்காமல் ஓடினால் லூயிஸ் இடங்கள்.

லூயிஸ் என்றால் காலியாக்கும் வெப்பத்தைக் குறைத்துப் பாருங்கள், ஒரு சொட்டு நீர்கூட அந்த இடங்களை அமர்த்தலாம். பிரான்ஸ்டெட் என்றால் வெற்று இடங்களை மூட வேண்டும். டார்டாரிக் மாட்டிய பிறகு பென்சோயிக் அமிலத்தால் ஒரு சுற்று, நீர்த்த கரைசலில், குறைந்த நேரம். அதிக நேரம் வைத்தால் டார்டாரிக்கையே கழற்றிவிடும், ஆகவே மறுபடியும் என்எம்ஆர். வெப்பநிலையைக் குறைப்பதும் பல நேரம் உதவும்.

மாஃப் இலக்கியத்தில் லிங்கர் விடுபட்ட குறைபாடுகளை எல்லோரும் புகழ்கிறார்கள், வினையூக்கம் வேகமாகிறது என்று. சாதாரண அமில வினைக்கு அது உண்மை. நமக்கு ஒவ்வொரு குறைபாடும் கைரல் அல்லாத ஒரு புது அமில இடம். உங்கள் தயாரிப்பில் வேகம் திடீரென்று கூடி ஈ.ஈ. குறைந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை.

வினை துளைக்குள்தான் நடக்கிறதா என்பதற்கு, பென்சீன் வளையத்தில் பருமனான கிளைகள் கொண்ட நைட்ரோ ஆல்கீன் ஒன்றை எடுங்கள். கரைசல்நிலை அமிலத்தில் அது ஓடி, மாஃபில் படுத்துவிட்டால் நல்லது. இரண்டிலும் ஒரே வேகம் என்றால் வினை வெளிப்பரப்பில் நடக்கிறது.

மறுபயன்பாடு, கசிவு, கழிவு

வினை நடக்கும் வெப்பநிலையிலேயே பாதி வினையில் வடிகட்டி, வடிநீரை அதே வெப்பநிலையில் தொடர்ந்து ஓடவிடுங்கள். விளைபொருள் கூடிக்கொண்டே போனால் டார்டாரிக் கசிந்திருக்கிறது. உலோகத்தை அளக்கும் ஐசிபி சோதனையில் சிர்கோனியம் இல்லை என்று வந்தாலும் நிம்மதி வேண்டாம், கசிவது மூடியாக இருந்தால் ஐசிபிக்குத் தெரியாது.

ஐந்து சுற்றும் 99 சதவீதம் என்று பட்டைப்படம் போடுவது எளிது, வினைக்கு வேண்டியதைவிட நேரம் அதிகம் கொடுத்தால் பாதி செத்த வினையூக்கியும் 99 காட்டும். 20, 30 சதவீத மாற்றத்தில் நிறுத்தி ஒவ்வொரு சுற்றின் வேகத்தை ஒப்பிடுங்கள்.

கழிவுக் கரைப்பான்களைத் தொட்டியில் ஊற்ற முடியாது. மலேசியாவில் 2005 ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள்படி ஹாலஜன் இல்லாத கரிமக் கரைப்பான்கள் எஸ்டபிள்யூ 322, ஹாலஜன் உள்ளவை எஸ்டபிள்யூ 323. டொலுவீனையும் டைகுளோரோமீத்தேனையும் ஒரே கேனில் ஊற்றுகிறவர் எல்லா ஆய்வகத்திலும் ஒருவர் இருப்பார்.

பைனால் லிங்கருக்குப் போகும்போது

டார்டாரிக் நெகிழ்ந்த மூலக்கூறு. எல்லாம் சரியாகச் செய்தாலும் அது பெரிய ஈ.ஈ. தராது, அதை வைத்துக் கற்றுக்கொண்டது முறைகளை. அடுத்த கட்டம் கார்பாக்சில்கள் பொருத்திய பைனால் பாஸ்பாரிக் அமில லிங்கர். அதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. பாஸ்பாரிக் தொகுதிக்குச் சிர்கோனியத்தின்மேல் கொள்ளைப் பிரியம். கார்பாக்சிலை விட்டுவிட்டு அதுவே கணுவைப் பிடித்தால் படிகம் வராது, வந்தாலும் அமிலம் இருக்காது. பாஸ்பாரிக் அமிலத்தின் இருபுறமும், 3, 3' இடங்களில், பருமனான தொகுதிகள் வைத்தால் சிர்கோனியம் நெருங்காது. அதே தொகுதிகள்தான் ஈ.ஈ.யையும் உயர்த்துகின்றன.

இன்னொன்று சூடு. பைனால் எலும்புக்கூடு பலமான அமிலத்தில் 100 டிகிரி அருகே மெல்ல முறுக்கவிழ்ந்து மறுபக்கம் திரும்பக்கூடும். பாஸ்பேட் பாலம் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பதால் ஓரளவு பாதுகாப்பு உண்டு, அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து 120 டிகிரியில் மாஃப் செய்யும் செய்முறையை எடுக்கும் முன், லிங்கரை மட்டும் அதே கலவையில் அதே நேரம் சூடாக்கி, எஸ்டராக மாற்றிக் கைரல் பிரிப்புக் குழாயில் ஏற்றிப் பாருங்கள். ஒரே பீக் நின்றால் லிங்கரைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கலாம்.